சிலேஷேயின் வலது கால்

எங்கள் சிம்வெம்வே பேட்டையில் அந்த வருஷம் மின்சாரம் காலை எட்டு மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விடும். மழை பொய்த்து அணையில் தண்ணீர் இல்லாத வருஷம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் முடி வெட்டுகிறவன் மெஷினை ஓட்டியாக வேண்டும், கோழி விற்கிறவள் ஃப்ரீசரை உறைய வைத்தாக வேண்டும், பக்கத்து வீட்டு கசோண்டே பாட்டுப் பதிவை முடித்தாக வேண்டும். எங்கள் வீடும் அவன் வீடும் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். மின்சாரம் வந்ததும் முதலில் எங்கள் ஃப்ரிட்ஜ் உறுமும், அடுத்து அவனுடைய கம்ப்யூட்டரின் காற்றாடி சுழலும், அதற்குப் பிறகு சுவர் வழியாக டிரம் கேட்கும்.

கசோண்டே கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவன். காலை வேளையில் அவன் படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்து, வெளிச்சத்தம் வராமல் அடைத்துவிட்டு, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நான்கு நான்கு பேராக உள்ளே அழைப்பான். அந்த வெக்கையில் நான்கு பேர் மெத்தைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வரும்போது, வேகவைத்த சோளக் கதிர் மாதிரி ஆவி பறக்க வருவார்கள். நான் குழுவின் செயலாளர். கூட்டக் குறிப்பும் கடிதங்களும் என் பொறுப்பு. குரல் சுமார்தான் என்பதால் கடைசி நால்வரில் ஒருவனாகப் பாடுவேன்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு மைக். ஒரு மைக்கை வைத்துக்கொண்டு முழு டிரம் செட்டையும் பிடிக்க முடியாது. அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் டிரம்மை மென்பொருளில்தான் போடுவார்கள். திரையில் கட்டம் போட்ட தாள் ஒன்று விரியும். மேல் வரிசையில் தாளத் தட்டு, நடுவில் சின்ன டிரம், அடியில் காலால் மிதிக்கிற பெரிய டிரம். எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த நேரத்தில் அடி விழும். கசோண்டே ஒரு பாட்டுக்கு இரண்டாயிரம் புள்ளிகள் வைப்பான்.

அவன் மனைவி முவாபாவின் அண்ணன் சிலேஷேக்கு இதைக் கண்டாலே சிரிப்பு. சிலேஷே மினிபஸ் ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் டிரம் வாசிப்பவன்.

"உக்காந்த எடத்துல டிரம் அடிக்கிற ஒரே ஆளு என் மச்சான்தான்," என்பான். "வேர்க்காது, கை வலிக்காது. பொண்டாட்டி டீ வேற கொண்டாந்து வைப்பா."

"எங்க வைக்கிறா? கரண்ட் வந்ததும் இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டு ஓடிடுறா."

"டிரம் அடிச்சா வைப்பா. நீ பொட்டு வைக்கிற."

மார்ச் மாதம் ஒரு காலையில் சிலேஷே குளித்துவிட்டு வெளியே வந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வாய் திரும்பியது, வலது கை திரும்பியது, காலும் பெருமளவு திரும்பிவிட்டது என்றார்கள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரப்பர் பந்தை மிதித்துப் பழக வேண்டும். பஸ் முதலாளி நாமுகோலோ அம்மாள், குணமானதும் வா என்று சொல்லிவிட்டு வேறு ஆளை அமர்த்திக்கொண்டாள். சிலேஷே தங்கை வீட்டு மாமரத்தடியில் ஒரு காலிப் பெட்டியின்மேல் வந்து உட்கார ஆரம்பித்தான். கேலி நின்றுவிட்டது. முவாபா அவனுக்குச் சோளக்களியும் நிலக்கடலைப் பொடி போட்ட பூசணி இலைக் கீரையும் கொண்டுபோய் வைப்பாள். பாதி சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆகஸ்டில் குழு ஐந்து பாட்டுகளைப் பதிவு செய்ய முடிவெடுத்தது. டிரம் சிலேஷேதான் வாசிக்க வேண்டும் என்று முன்மொழிந்தவள் முவாபா. கசோண்டே ஒரு நண்பனிடமிருந்து எலெக்ட்ரானிக் டிரம் செட் இரவல் வாங்கி வந்தான். ரப்பர் தட்டுகள், மிதிக்க ஒரு பெடல், கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். அடித்தால் அறைக்குள் டொக் டொக் என்று மரங்கொத்தி மாதிரிதான் கேட்கும். உண்மையான சத்தம் கசோண்டேயின் ஹெட்ஃபோனில் மட்டும். அடிகள் புள்ளிகளாகத் திரையில் போய் விழும்.

சிலேஷே மூன்று காலைகள் வாசித்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. நாங்கள் கதவருகே நின்று டொக் டொக்கைக் கேட்டோம். முடித்ததும் எழுந்து, "எப்படி?" என்றான். எல்லோரும் கைதட்டினோம்.

"அருமை மச்சான்," என்றான் கசோண்டே. திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்று திரையில் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு அவன் என் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து காட்டினான். மேல் இரண்டு வரிசையும் கோட்டின்மேல் நூல் பிடித்தாற்போல் நின்றன. அடி வரிசை மட்டும் மாடு முட்டிய வேலி மாதிரிச் சாய்ந்து கிடந்தது. ஒரு மிதி கொஞ்சம் தாமதம், அடுத்தது இன்னும் தாமதம். சில இடத்தில் புள்ளியே இல்லை. மிதித்ததாகக் கால் நினைத்திருக்கிறது, மிதிக்கவில்லை. புள்ளிகளையெல்லாம் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து நிறுத்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பார்த்தான். பல மிதிகள் அவ்வளவு பிந்தியிருந்ததால் அடுத்த கோட்டுக்குத் தாவிவிட்டன. பாட்டு இன்னும் மோசமாக நொண்டியது.

முவாபா பின்னால் வந்து நின்று கேட்டிருக்கிறாள்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். ஆனா அப்புறம் அது அவன் அடிச்சதா இருக்காது."

"யாருக்குத் தெரியப்போவுது? அஞ்சு மாசத்துல இன்னிக்குத்தான் அவன் தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கல. பாத்தல்ல? சரி பண்ணிடு."

அடி வரிசையை அவன் ஊமையாக்கி வைத்தான். அழிக்க மனம் வரவில்லையாம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரிசை திறந்து, ஒன்பது காலைகள் உட்கார்ந்து, ஒவ்வொரு மிதியையும் கையால் வைத்தான். எல்லாம் கோட்டின்மேல் நேராக நின்றால் மெஷின் என்று தெரிந்துவிடும். அதனால் சிலவற்றை மயிரிழை முன்னே தள்ளினான், சிலவற்றைப் பின்னே. பல்லவி திரும்புவதற்குச் சற்று முன்னால் அவசரமாக இரண்டு தரம் மிதிப்பது சிலேஷேயின் வழக்கம். அதையும் மறக்காமல் வைத்தான். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் மூலக் கையெழுத்தை எப்படிப் பார்த்திருப்பானோ அப்படி அவன் சிலேஷேயின் காலைப் பார்த்திருக்கிறான்.

செப்டம்பர் நடுவில் பாட்டுகள் போனுக்குப் போன் பரவின. பாட்டோடு போன அட்டைப் படத்தில் 'டிரம்: சிலேஷே' என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். சிலேஷே மாமரத்தடியில் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஐந்து பாட்டையும் கேட்டான். திரும்பவும் கேட்டான். என்னைப் பார்த்ததும் போனை என் காதில் வைத்து அழுத்தினான்.

"இந்த எடம். கோரஸுக்கு முன்னால. கேட்டீங்களா செக்ரட்டரி? ரெண்டு மிதி. நான் நெனச்சுக்கூட மிதிக்கல. காலு மறக்கலீங்க." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

அடுத்த வாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "இந்தத் தாளம் போடுற காலு போயி ரப்பர் பந்தை மிதிக்கணுமா?" என்றான். என்னிடம் வந்து, கால் சரியாகிவிட்டது என்று நாமுகோலோ அம்மாளுக்கு ஒரு கடிதம் கேட்டான். டாக்டர் சீட்டு வாங்க டிசம்பர்வரை காத்திருக்க வேண்டுமாம். குழுவின் தாளில் எழுதிக் கொடுத்தேன். நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது. 'ஐந்து பாடல்களுக்கும் இவரே கைகளாலும் கால்களாலும் டிரம் வாசித்தார். எந்த இடத்திலும் தாளம் பிசகவில்லை என்பதைத் தாங்களே கேட்டு அறியலாம்.'

அந்த அம்மாள் தன் பஸ்களிலேயே அந்தப் பாட்டைக் கேட்டிருந்தாள். கடிதத்தை மடித்துவிட்டு, "கீழ டும் டும்னு விழுதே, அது உன் காலா?" என்று கேட்டாளாம்.

"வலது காலு, மேடம்."

"இதை வச்சு கடிகாரத்தையே சரி பண்ணலாம்டா. இந்தா சாவி."

அக்டோபர் ஏழாம் தேதி மத்தியானம் வாசலில் ஹாரன் கேட்டது. சிலேஷே பஸ்ஸோடு வந்திருந்தான். முவாபா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த மரக்கரண்டியோடு ஓடி வந்து, அண்ணனைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், சிரித்தாள். கசோண்டே வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மச்சான், பேயப் பாத்த மாதிரி நிக்கிற? ஏறு. ஓசியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். பொட்டு வச்சு டயர்டா இருப்ப."

அன்று மாலை சுவர் வழியாகக் கேட்டேன். கேட்கக்கூடாது என்று ரேடியோவைத் தேடினேன், மின்சாரம் இல்லை.

"நீதானடி சரி பண்ணச் சொன்ன?"

"நான் பாட்டைச் சரி பண்ணச் சொன்னேன். அவன் பஸ் ஓட்டுவான்னு நான் கண்டேனா?"

"போய் சொல்லிடுவோம்."

"யாரு சொல்றது? நீ சொல்லுவியா? சொல்லி, மறுபடியும் அந்தப் பொட்டியில உக்கார வைப்பியா? ... கொஞ்ச நாள் பாப்போம். ஓட்ட ஓட்டக் காலு பழகிடும்."

அவர்கள் எதைச் சொல்வதா வேண்டாமா என்று பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்று நானும் மெனக்கெடவில்லை.

மறுநாள் முதல் கசோண்டே கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான். ஓட்டுநருக்குப் பக்கத்து முன் சீட். சிம்வெம்வேயிலிருந்து டவுன், டவுனிலிருந்து சிம்வெம்வே. கண்டக்டர் பிரைட்டன், நரைத்த தாடிக்காரன், அவனைக் கேலி செய்யாமல் விடவில்லை.

"ஏம்ப்பா, ஊருல எல்லா போனும் நல்லாயிடுச்சா? முன் சீட்டுல ஒரு பொம்பளைய உக்கார வச்சா வண்டிக்கு அழகு. உன்னை வச்சா யாரு ஏறுவா?"

"மச்சானுக்கு என்மேல பாசம்," என்றான் சிலேஷே. "ஆனா பாரு, நான் பிரேக் போடும்போதெல்லாம் இவனும் தரையை மிதிக்கிறான். நீயும் ஓட்டுறியா மச்சான்? சம்பளத்துல பாதி தரணுமா?"

கசோண்டே அறியாமலே மிதித்துக்கொண்டிருந்தான். அவன் கால் மிதித்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் சிலேஷேயின் கால் மிதித்தது. திரையில் பார்த்த அதே தாமதம். சந்தை முனையில் கரி மூட்டை ஏற்றிய சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தபோது, அவனாகப் பள்ளத்தில் சாய்ந்து விழுந்ததால் தப்பித்தான். எழுந்து பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தான்.

"கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியாடா?"

"பிரேக் லூசு, அண்ணே. மன்னிச்சுக்க," என்றான் சிலேஷே. உண்மையாகவே நம்பித்தான் சொன்னான். அன்றே மெக்கானிக்கிடம் விட்டான். மெக்கானிக் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றான். "அப்போ ரோட்டுல மண்ணு," என்றான் சிலேஷே.

கசோண்டே அன்றைக்கும் சொல்லவில்லை. மறுநாளும் போய் முன் சீட்டில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் மூன்று நடை ஏற்றினார்கள். ஒவ்வொரு நடையிலும், இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தானாம். இறங்கியதும், இந்த நடை நல்லபடி முடிந்ததே என்று இருந்ததாம்.

மாதக் கடைசி சனிக்கிழமை பக்கத்து நகரமான ந்டோலாவில் பாடகர் குழுக்களின் கூடுகை. எங்களை ஏற்றிப்போக சிலேஷே முதலாளியிடம் கேட்டு வண்டி கொண்டுவந்தான். கசோண்டே வீட்டு வாசலில் எல்லோரும் கூடினோம். பதினாறு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தொரு பேர். பெண்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்த நீலச் சட்டை. முன் சீட்டில் கசோண்டேயின் மகள், ஒன்பது வயது சொம்பா, மடியில் மாம்பழப் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாட ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் எட்டு மணிக்கே தகரத்தில் அடித்தது.

கசோண்டே வாசலில் நின்று, "மச்சான், உள்ள வா. ஒண்ணு காட்டணும்," என்றான்.

"வண்டியில இத்தனை பேரு வேகுறாங்க. வந்து பாக்குறேன்."

"இப்பவே பாக்கணும். கரண்ட் இப்பத்தான் வந்துச்சு."

அவன் குரல் அப்படி இருந்தது. சிலேஷே இறங்கி உள்ளே போனான். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. செயலாளர் என்ற முறையில் அவசரப்படுத்த நானும் போனேன்.

ஜன்னலில் மெத்தை இல்லை. வெளிச்சம் நேராகத் திரையில் அடித்தது. முவாபா கதவோரம் புடவை மாதிரி சுற்றிய துணியின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். டிரம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை.

சிலேஷே தலையைச் சாய்த்துக் கேட்டான். "யாரு மச்சான் இது? புதுசா புடிச்ச பயலா? கை நல்லாத்தான் இருக்கு. காலுதான் தூங்குது."

டிரம் ஓடியது. சின்ன டிரம்மில் கைகள் ஓர் உருட்டு உருட்டின. சிலேஷேயின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது. ஒருவன் தன் கையை அறியாமல் இருக்க மாட்டான்.

"நான்தானா?"

"ஆமா."

"மொதல்லேர்ந்து போடு."

மறுபடி போட்டான். சிலேஷே வலது முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"அப்போ பஸ்ஸுல ஓடுறது?"

"கை உன்னோடது. காலு நான் வச்சது. எல்லா மிதியும்."

"கோரஸுக்கு முன்னால அந்த ரெண்டு?"

"அதுவும்."

"நான்தான் வைக்கச் சொன்னேன், அண்ணா," என்றாள் முவாபா. "நீ சாப்பிடாம கிடந்த. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு."

சிலேஷே தங்கையைப் பார்க்கவில்லை. கசோண்டேயைப் பார்த்தான்.

"அதான் தினமும் பக்கத்துல உக்காந்து தரையை மிதிச்சியா?"

"ஆமா."

"எத்தனை நாளு அது? பத்தொம்பது நாளு இருக்குமா? காலையில மூணு நடை ஸ்கூல் புள்ளைங்க. அந்தக் கரிக்கார ஆளு விழுந்தான். அன்னிக்குக் கூப்பிட்டு இதைப் போட்டுக் காட்டல." நிறுத்தினான். ஜன்னல் வழியாக பஸ்ஸின் முன் கண்ணாடி தெரிந்தது. சொம்பா மாம்பழத்தைத் தோலோடு கடித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு உன் பொண்ணு ஏறியிருக்கா."

முவாபா அண்ணன் எதிரே வந்து நின்றாள்.

"திட்டிடு அண்ணா," என்றாள். "ரெண்டு அடிகூட அடிச்சிடு."

அவன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் தெரியுமா செக்ரட்டரி?"

"தெரியாது," என்றேன். அது உண்மை. ஆனால் தாளம் பிசகவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அன்று கதவருகே நின்று கேட்டது வெறும் டொக் டொக்தான். அதுவும் உண்மை.

சிலேஷே வெளியே போய் பஸ்ஸின் கதவைத் தட்டினான். "எல்லாரும் எறங்குங்க."

பாட்டு நின்றது. "வண்டிக்கு என்னப்பா?" என்றான் பிரைட்டன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. என் காலு லேட்டா வருது. பிரேக்குக்கு லேட்டா வருது."

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். "பாட்டுல மட்டும் கரெக்டா வருதே?"

"அது என் மச்சான் காலு."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சொம்பாவை அவனே தூக்கி இறக்கிவிட்டான். சாவியைப் பிரைட்டன் கையில் வைத்து, "மேடம்கிட்ட நானே போய் சொல்லிடுறேன். நீ வண்டிய விட்டு நகராத," என்றான். நடக்க ஆரம்பித்தான்.

கசோண்டே பத்தடி தள்ளிப் பின்னால் போனான். அவனுக்குப் பின்னால் நான். மழை காணாத செம்மண் ரோடு இறுகிக் கிடந்தது, காலடி நன்றாகக் கேட்டது. அதுவரை சிலேஷே தெருவில் நடக்கும்போது நிதானமாக, யாரோடாவது பேசி நின்று நின்று நடப்பான். அன்று மறைக்கவில்லை. இடது கால் சுத்தமாக விழுந்தது. வலது கால் இழுத்துக்கொண்டு வந்து, பிந்தி விழுந்தது. தண்ணீர்ப் பம்பு மேடை தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே, "பின்னால வராத," என்றான். கசோண்டே நின்றான். சத்தம் சந்து முனைவரை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

வெயிலிலேயே நின்றுகொண்டிருந்த கசோண்டேயை நான் தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

"காது நிக்க மாட்டேங்குது செக்ரட்டரி," என்றான். "இந்த அடி இவ்வளவு லேட்டு, அந்த அடி அவ்வளவு லேட்டுன்னு. ஒவ்வொண்ணையும் புடிச்சுக் கோட்டுக்கு இழுத்து வைக்குது. அவன் தன் காலு லேட்டுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு எனக்கு முன்னால நடந்து போறான், நான் இன்னும் அவனைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."